துப்பாக்கிக்கு ஒரு மூக்குத்தி

செப்டம்பர் 16, திங்கள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிட்டத்தில் இருக்கிற எழுத்து தெரியாமல் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வாசலில் 'ஊராட்சித் தலைவர் முப்பிடாதி' என்று போர்டு மாட்டிக்கொண்டு, வருகிற காகிதத்தை எல்லாம் உற்றுப் பார்ப்பது போலப் பார்த்து, "ம்" என்று ஒரு கனைப்புக் கனைத்துக் கையெழுத்துப் போடுகிறேன். தை மாசம் ஒரு கருமாதிப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "குடும்பத்தோட வந்துருதேன், மொய் எழுத ஆள் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதால் யாரும் கண்ணைச் சந்தேகப்படவில்லை, படிப்பைத்தான் சந்தேகப்பட்டார்கள். அதுவும் வசதிதான்.

இந்த டைரி அரசு வக்கீல் நூர்ஜஹான் அம்மா சொல்லி எழுதுவது. "வீட்டுக்கு யார் வந்தாங்க, என்ன கேட்டாங்க, எல்லாத்தையும் தினமும் எழுதி வைங்க. சாட்சி சொல்ற நாள் வரைக்கும்" என்றார். உரக்கடையில் கொடுத்த டைரி. கையை நீட்டிப் பிடித்துப் பெரிது பெரிதாக எழுதுகிறேன். பக்கத்துக்கு ஏழு வரி. நான் ஏதோ பெரிய காவியம் எழுதுவதாக வீட்டுக்காரர் நினைக்கிறார்.

சாட்சி அக்டோபர் 15. பிப்ரவரியில் எங்கள் ஊராட்சி எழுத்தர் கோமதிநாயகத்தைப் பஸ் நிறுத்தத்தில் வைத்து வெட்டினார்கள். கல்குவாரி எவ்வளவு தூரம் எல்லை தாண்டியிருக்கிறது என்று அளந்து எழுதியவர். நான் அப்போது தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் நின்றிருந்தேன், தொட்டியைக் கழுவினார்களா இல்லையா என்று பார்க்க. மேலேயிருந்து எல்லாம் தெரிந்தது. வெட்டியவன் குவாரி ஆள் சொரிமுத்து. போலீசில் சொன்னேன். பைக்கில் காத்திருந்தவன் ஹெல்மெட் போட்டிருந்தான், யாரென்று தெரியவில்லை என்றேன். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 18, புதன்

ஜூலையில் எங்கள் கேட்டில் ஒரு மலர் வளையம் தொங்கியது. நல்ல சாமந்தி. அன்றிலிருந்து இந்த வீட்டில் சன்னல் திறக்கக் கூடாது, மாடிக்குப் போகக் கூடாது, பின்கதவில் ஆணி. துணி உள்ளேயே காய்கிறது. வீட்டுக்குள் நடந்தால் பாவாடைக்கு நடுவே குனிந்து குனிந்து போகவேண்டியிருக்கிறது. காவலுக்கு ஏட்டு தேவசகாயம். ஐம்பது வயது, நல்ல மனுஷன், என் சமையலில் ஐந்து கிலோ ஏறிவிட்டார்.

"ஏட்டையா, எவனாவது வந்தா நீங்க ஓடிப் பிடிப்பியளா?"

"எதுக்கு ஓடணும்? வாசல்ல குறுக்க நின்னா போதும்க்கா, எவனும் உள்ள வர முடியாது."

அது உண்மைதான்.

நான் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கேட்டிருந்த லைசென்ஸ் வந்துவிட்டது.

செப்டம்பர் 21, சனி

திருநெல்வேலி துப்பாக்கிக் கடை. ஜீப்பில் போனோம். இரண்டு மாசத்துக்குப் பிறகு ரோட்டைப் பார்த்தேன். ரோடு அப்படியேதான் இருக்கிறது, நான் இல்லாமல் ஒன்றும் வாடிவிடவில்லை.

கடைக்காரர் துணி விரித்து, நகைக்கடையில் போல மூன்றை எடுத்து வைத்தார். துப்பாக்கிக் குழாயின் நுனியில் ஒரு சின்னத் துருத்தல் இருக்கிறது. அதற்குப் பெயர் முன்சைட்டாம். அதைப் பார்த்துத்தான் சுடவேண்டும். எது வேண்டுமோ சொன்னால் பொருத்தித் தருவார். ஒன்று கறுப்பில் வெள்ளைப் பொட்டு. ஒன்று சிவப்பு, வெளிச்சம் பட்டால் மினுக்கும். ஒன்று பித்தளை மணி.

"அம்மா, சுடும்போது கண்ணு இந்த முன்சைட் மேலதான் இருக்கணும். தூரத்துல நிக்கிறவன் கலங்கலாத் தெரியணும். கிட்டத்துல உள்ளது பளிச்சுன்னு தெரியணும். அதுதான் ரகசியம்."

எனக்குக் கடவுள் அதை அப்படியே மாற்றி வைத்திருக்கிறான். கடைக்கு எதிரே டீக்கடையில் வடை எத்தனை மிச்சம் என்று கூட எண்ணிச் சொல்வேன். கையில் இருக்கிற மூன்று சைட்டும் மூன்று கொசு. ஏட்டையா பக்கத்தில் நிற்கிறார். கண் தெரியாது என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால், அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கண் தெரியாத சாட்சிக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

"பித்தளையப் போடுங்க. பார்க்க மூக்குத்தி மாதிரி இருக்கு."

"மூக்குத்தி மாதிரின்னா எடுப்பாங்க?" என்று ஏட்டையா தலையில் அடித்துக்கொண்டார்.

"பின்ன? சாகப் போறவன் கடைசியாப் பாக்கது இதத்தானே. லட்சணமா இருக்க வேண்டாமா?"

கடைக்காரர் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 25, புதன்

ரைபிள் கிளப்பில் பயிற்சி. பத்து குண்டு. ஒன்றும் படவில்லை. இலக்குத் தாளின் இடது மூலையில் ஒரு ஊசி துருப்பிடித்திருந்தது, அது தெரிந்தது. மூக்குத்தி தெரியவில்லை.

"பரவாயில்லக்கா, சத்தத்துலயே ஓடிருவான்" என்றார் ஏட்டையா.

செப்டம்பர் 28, சனி

வேலாயுதம் வந்தான். வீட்டுக்காரருடைய தம்பி. நான் கல்யாணமாகி வந்தபோது பத்து வயது, மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றான். அவனுக்குச் சோறு போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பொண்ணும் பார்த்து வைத்தவள் நான். இப்போது குவாரியில் லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிற வேலை. ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்திருந்தான்.

"மதினி, நீங்க டைரியத் தூரமாப் பிடிச்சு எழுதுதிய. கண்ணு தெரியலையா?"

"உன் மூஞ்சியக் கிட்டத்துல பாக்க முடியலன்னுதான் தூரமாப் பிடிச்சிருக்கேன்."

சிரித்தான். சாயங்காலமே ஒரு கண் முகாம் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் வெளியே போக முடியாதவள் என்பதால் வீட்டுக்கே. அந்த ஆள் அட்டையைப் பிடித்துப் படிக்கச் சொன்னார், நான் திணறினேன், ஒரு சீட்டு எழுதினார். தூரத்து அட்டையைக் காட்டவே இல்லை. சீட்டை வேலாயுதம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். "கண்ணாடி நானே செஞ்சு கொண்டாரேன் மதினி. நீங்க யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்." எவ்வளவு அக்கறை.

புது பைக்கில் வந்திருந்தான். பழைய சிவப்பு பைக்கை மார்ச்சிலேயே விற்றுவிட்டான். போன ஆயுதபூஜைக்குக் கண் படக்கூடாதென்று என் அரக்குச் சேலையின் கரையைக் கிழித்து அதன் கைப்பிடியில் நான்தான் கட்டினேன்.

"அந்தத் துணியையும் சேத்தா வித்த?" என்றேன்.

"எந்தத் துணி?" என்றான்.

சூப்பில் உப்பு தூக்கல்.

அக்டோபர் 2, புதன்

கிராம சபை. தலைவர் போகக் கூடாதாம். பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கி வீட்டுக்குக் கேட்டது. துணைத்தலைவர் பேசினார். என் பெயரை இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை செத்தவர்களைச் சொல்கிற குரலில். எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது, நின்றேன், தலை பாவாடையில் இடித்தது.

அக்டோபர் 5, சனி

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நகப்பாலிஷ் வாங்கி மூக்குத்தியின் மேல் சிவப்பு அடித்தேன். தெரியவில்லை. பிறகு பச்சை அடித்தேன். ஏட்டையா பார்த்துவிட்டு, "துப்பாக்கி வயசுக்கு வந்துருச்சாக்கா?" என்றார். இருவரும் ரொம்ப நேரம் சிரித்தோம். பிறகு அவர், சிரிப்பதை நிறுத்திவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "கண்ணு தெரியலதானே?"

"தூரம் தெரியும்."

"நான் கேக்கல. நீங்க சொல்லவும் இல்ல" என்றார். போய் வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

அக்டோபர் 8, செவ்வாய்

கண்ணாடி இன்னும் வரவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுதபூஜை

காலையில் வீட்டுக்காரர் மாவு மில்லைக் கழுவினார். ஆவுடையப்பன் என்று பெயர், பேசுகிற ஆள் இல்லை. மில் இரைச்சலில் இருபத்தைந்து வருஷம் நின்று பேச்சு உதிர்ந்துவிட்டது. ஆனால் இன்று என்னைப் பார்த்து, "சாட்சிக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டா என்ன?" என்றார். பூசணிக்காயில் குங்குமத்தைக் கொட்டிக்கொண்டே சொன்னார்.  எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

மில்லுக்கும், அரிவாள்மணைக்கும், தையல் மிஷினுக்கும் சந்தனம் வைத்தேன். வேலாயுதம் வருஷா வருஷம் போல வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "மதினி கை வெச்சாத்தான் எனக்கு வருஷம் ஓடும்."

ஏட்டையா என்னை வாசல் வரைக்கும் விட்டார். வண்டியின் முன்விளக்கில் சந்தனம் வைத்தேன், மேலே குங்குமம். சந்தனம் வழிந்து ஓடியது. தண்ணீர் அதிகமாகிவிட்டது போல. கை ஈரமாக இருந்தது.

"துணி கட்டலையா மதினி?"

"அந்தச் சேலை கிழிஞ்சு போச்சுப்பா."

அவன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். கிட்டத்தில் இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

உள்ளே வந்ததும் ஏட்டையா தன் துப்பாக்கியை மேசையில் வைத்து, "ஆயுதம்னா இதுவுந்தானே" என்றார்.

"உங்க வேதத்துல ஒத்துக்குவாங்களா?"

"ஸ்டேஷன்ல முப்பது வருஷமாத் துப்பாக்கிக்கெல்லாம் நாந்தான் சந்தனம் வைக்கேன். என் கைராசிய விட்டுக்கொடுக்க மாட்டாக."

என் துப்பாக்கியில் குண்டு இல்லையென்று மூன்று தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தார். பட்டாணி அளவுக்குச் சந்தனத்தை உருட்டி அந்த மூக்குத்தியின் மேலேயே வைத்தேன். நடுவில் குங்குமம். வழிபாட்டுக்காகத்தான். தூக்கிப் பார்த்தால், தெரிகிறது! மஞ்சள் நடுவில் சிவப்பு, பௌர்ணமி மாதிரி. கையை நீட்டி, அடைத்த சன்னல் இடுக்கு வழியாகக் குறி பார்த்தேன். சந்தனப் பொட்டு, அதற்கு நேராக வாசலில் நின்ற புது பைக்கின் சந்தனப் பொட்டு. ஒன்றின் மேல் ஒன்று.

ஏட்டையா வந்து என் கையை மெதுவாகக் கீழே இறக்கினார். நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

நூர்ஜஹான் அம்மா ஃபோனில் நாளைக்கு என்னென்ன கேட்பார்கள் என்று சொன்னார். கடைசியில், "துப்பாக்கியைக் கோர்ட் வாசல்லயே ஒப்படைச்சிடணும். உள்ள அனுமதி இல்லை" என்றார்.

"அப்போ மூணு வாரமா எதுக்கு மூக்குத்தி பார்த்தோம்?" என்று ஏட்டையாவிடம் கேட்டேன்.

"வழிக்கு."

"வழியில வந்தா நீங்க குறுக்க நிக்க மாட்டியளா?"

"நிப்பேங்க்கா" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. புதிதாக உருட்டி வைத்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

வழியில் யாரும் வரவில்லை. துப்பாக்கியை வாசலில் கொடுத்துச் சீட்டு வாங்கினேன். வாங்கின போலீஸ்காரர் சந்தனத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கூண்டில் ஏறினேன். சொரிமுத்து எதிரே நின்றான். கடைசி பெஞ்சில் தூண் பக்கத்தில் வீட்டுக்காரரும் வேலாயுதமும். பார்த்ததைச் சொன்னேன். பிறகு சொரிமுத்துவின் வக்கீல் எழுந்தார். தங்க ஃப்ரேம் கண்ணாடி.

"தொட்டி ஏணிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் எவ்வளவு தூரம்?"

"எட்டு வெச்சு நடந்தா அறுபது எட்டு ஆகும்."

"அவ்வளவு தூரத்துல முகம் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது."

ஒரு காகிதத்தை நீட்டினார். "இதைப் படிங்க."

வாங்கினேன். கையை நீட்டினேன். இன்னும் நீட்டினேன். கூண்டுக் கட்டை இடித்தது.

"இன்னொரு முழம் கை இருந்தாப் படிச்சிருவேன் ஐயா."

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். "நான் படிக்கிறேன். செப்டம்பர் இருபத்தெட்டு, உங்க வீட்டுல வெச்சுக் கண் பரிசோதனை. பார்வைக் குறைவு. கண்ணு தெரியாததை மறைச்சு ஒரு அப்பாவியைக் கொலைகாரன்னு சொல்றீங்க."

அந்தச் சீட்டு ஒரே ஒருத்தன் பையில்தான் இருந்தது. கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறைச்சது உண்மைதான் ஐயா" என்று நீதிபதியிடம் சொன்னேன். "கிட்டத்துல தெரியாது. ஒன்றரை வருஷமாக் காகிதத்தப் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன், அதுக்கு வேணா தண்டனை குடுங்க. ஆனா தூரம் தெரியும். அந்த வாசலுக்கு வெளிய, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை. போர்டுல ஃபோன் நம்பர் இருக்கு. சொல்லவா?"

பத்து எண்ணையும் சொன்னேன். வக்கீல் திரும்பிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நீதிபதி டவாலியை அனுப்பினார். டவாலி போய் எழுதிக்கொண்டு வந்து, "சரியா இருக்குங்க ஐயா" என்றார். போர்டுக்குக் கீழே ஒரு பல்லி இருந்ததையும் சொன்னேன். அவர் போவதற்குள் ஓடிவிட்டதாம், அது சேர்த்தியில்லை.

நூர்ஜஹான் அம்மா எழுந்தார். "இவ்வளவு தெளிவாத் தெரிஞ்ச உங்களுக்கு, பைக்ல இருந்தவரை மட்டும் தெரியலையா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த அம்மா இந்தக் கேள்வியை எட்டு மாசமாகப் பையில் வைத்திருந்தார் என்று.

"ஹெல்மெட் போட்டிருந்தான். முகம் தெரியல. வண்டி சிவப்பு. கைப்பிடியில அரக்குச் சேலைக்கரை கட்டியிருந்துது. என் சேலை. நாங் கட்டினது."

"யாருடைய வண்டி?"

"என் கொழுந்தன் வேலாயுதம்."

"போலீஸ்ல ஏன் சொல்லலை?" என்று நீதிபதியே கேட்டார்.

"பத்து வயசுலருந்து அவனுக்குச் சோறு போட்டேன் ஐயா."

தட்டச்சு செய்கிற பெண் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, பிறகு தட்டினாள். வேலாயுதம் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். கதவுக்குக் குறுக்கே ஏட்டையா நின்றுகொண்டிருந்தார். ஓட வேண்டிய அவசியம் வரவில்லை.

வெளியே வரும்போது வீட்டுக்காரர் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. துப்பாக்கியைத் திரும்ப வாங்கினேன். சந்தனம் எங்கோ உதிர்ந்திருந்தது.

அக்டோபர் 16, புதன்

காலையில் ஏட்டையா தென்காசியிலிருந்து எனக்குப் படிக்கிற கண்ணாடி வாங்கி வந்தார். போட்டுக்கொண்டு இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். எழுத்துப்பிழை நிறைய. செப்டம்பர் 28-ஐ இரண்டு தடவை படித்தேன். மூக்குத்தியையும் பார்த்தேன். பச்சைப் பாலிஷுக்குக் கீழே அழகாகத்தான் இருக்கிறது.

தீர்ப்பு வரும்வரை சன்னல் திறக்கக் கூடாதாம். இப்போது நான் பயப்பட வேண்டிய ஆட்களின் பட்டியலில் சொந்தக்காரர்களும் உண்டு என்பதால் இன்னொரு போலீஸ்காரர் வருகிறார். அவர் ஒல்லி. வாசலை அடைக்க மாட்டார்.

வீட்டுக்காரர் மத்தியானம் வரைக்கும் மில்லை ஓடவிட்டு, அரைக்க ஒன்றும் இல்லாமல் சும்மா நின்றார். பிறகு வந்து சட்டியிலிருந்து சோறு போட்டார். இரண்டு தட்டில் போட்டார். ஒன்றை என் பக்கம் தள்ளினார். 

சாப்பிட உட்காரும்போது இடுப்பில் குத்துகிறது என்று துப்பாக்கியை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். கண்ணாடி அங்கே இருந்திருக்கிறது. ஏட்டையா பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விவரம் கேட்டார். சொன்னேன்: மேற்படி துப்பாக்கியால் இதுவரை ஏற்பட்ட சேதம், மூக்குக்கண்ணாடி ஒன்று, இடது பக்கம். குறி பார்க்கவில்லை.